வாரத்திற்கு ஒருமுறை உண்ணும் மாத்திரை: முடக்குவாதத்தில் மெத்தோட்ரெக்ஸேட்டும் அதன் துணைமருந்துகளும்

"இது புற்றுநோய்க்குக் கொடுக்கும் மருந்தாமே, டாக்டர்?"

எங்கள் மூட்டுவாதப் பிரிவில் இக்கேள்வியைக் கேளாத வாரம் இல்லை. பெரும்பாலும் கேட்பவர் நோயாளர் அல்லர். உடன் வரும் மகனோ மகளோ மருந்தின் பெயரைக் கைப்பேசியில் தேடிப் படித்துவிட்டு, அம்மாவின் காதில் விழாதபடி தாழ்ந்த குரலில் கேட்பர். கேட்பது நன்று. கேட்காமலேயே மாத்திரையை நிறுத்திவிட்டு, ஓராண்டு கழித்து விரல்கள் கோணிய நிலையில் திரும்பி வருபவர்களும் உளர். அவர்களை மனத்திற்கொண்டே இம்மடலில் மெத்தோட்ரெக்ஸேட் என்னும் மருந்தைப் பற்றிச் சற்று விரிவாக எழுதுகிறோம்.

முதலில் நோயைப் பற்றிச் சில சொற்கள். ருமடாய்டு ஆர்த்ரைட்டிஸ் என்று மருத்துவர் எழுதுவதைத் தமிழில் முடக்குவாதம் என்கிறோம். ஊர்ப்புறங்களில் சரவாங்கி என்றும் கூறுவர். 'வாதம்' என்ற சொல்லைக் கேட்டவுடன் கைகால் விழுந்துபோகும் பக்கவாதமோ என்று அஞ்சுவோர் பலர். அந்நோய்க்கும் இதற்கும் தொடர்பில்லை. வயது முதிர்வால் முழங்கால் தேய்வதும் வேறு. முடக்குவாதத்தில், கிருமிகளை எதிர்க்க வேண்டிய நோயெதிர்ப்பு மண்டலம் தன் உடலின் மூட்டுகளையே பகையாகக் கருதித் தாக்குகிறது. மூட்டின் உட்புறத்தை மூடியிருக்கும் மெல்லிய சவ்வு வீங்கித் தடித்து, குருத்தெலும்பையும் எலும்பின் ஓரத்தையும் சிறிது சிறிதாக அரிக்கிறது. ஆடவரைக் காட்டிலும் பெண்களுக்கு இரண்டு முதல் மூன்று மடங்கு மிகுதியாக இது வருகிறது. கை விரல்கள், மணிக்கட்டு, கால் விரல்களின் அடிப்பகுதி ஆகிய சிறு மூட்டுகள் இருபுறமும் ஒருங்கே வீங்குதலும், காலையில் எழுந்தபின் ஒரு மணிநேரத்திற்கு மேலும் விறைப்பு நீங்காதிருத்தலும் இதன் அடையாளங்கள்.

எலும்பு ஒருமுறை அரிக்கப்பட்டால் அதை முன்போல் ஆக்கும் மருந்து இல்லை. நோய் தொடங்கிய முதல் இரண்டு ஆண்டுகளுக்குள்ளேயே பலருக்கு அரிப்பு தொடங்கிவிடுகிறது. ஆகவேதான் 'வலி பொறுக்க முடியாதபோது பார்த்துக்கொள்ளலாம்' என்ற எண்ணம் இந்நோயில் பெருங்கேடாக முடிகிறது.

வலி குறைவதும் நோய் தணிவதும்

வலிநிவாரணி மாத்திரைகள் வலியையும் வீக்கத்தையும் சில மணிநேரம் குறைக்கின்றன. எலும்பு அரிக்கப்படுவதை அவை தடுப்பதில்லை. வலி தெரியாததால் நோய் அடங்கிவிட்டது என்று நோயாளர் நம்ப, உள்ளே அரிப்பு தொடர்ந்துகொண்டே இருக்கும். ஆண்டுக்கணக்கில் நாள்தோறும் உண்டால் இரைப்பையும் சிறுநீரகமும் பழுதடைவது தனிக்கதை.

ஸ்டீராய்டின் கதை சற்று வேறு. 1948ஆம் ஆண்டு செப்டம்பரில், அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் பிலிப் ஹென்ச் என்ற மருத்துவர், முடக்குவாதத்தால் எழுந்து நடக்கவியலாதிருந்த இளம்பெண் ஒருவருக்குக் கார்ட்டிசோன் ஊசி செலுத்தினார். சில நாட்களிலேயே அப்பெண் எழுந்து நடந்தார். உலகமே வியந்தது, 1950இல் ஹென்ச்சுக்கும் அவருடன் இருவருக்கும் நோபல் பரிசு வழங்கப்பட்டது. ஆனால் தொடர்ந்து கொடுக்கக் கொடுக்க முகம் உப்புதல், எலும்பு நலிவு, சர்க்கரை ஏறுதல், கண்புரை, தொற்றுகள் என்று ஒவ்வொன்றாக வெளிப்பட்டன. இன்றும் ஸ்டீராய்டை நாங்கள் பயன்படுத்துகிறோம். மெத்தோட்ரெக்ஸேட் வேலை செய்யத் தொடங்கும் வரையிலான சில வாரங்களுக்கு ஒரு பாலம் போல, குறைந்த அளவில் கொடுத்து, கூடுமானவரை மூன்று மாதங்களுக்குள் குறைத்து நிறுத்துவதே எங்கள் நோக்கம். பாலத்தின் மேலேயே வீடு கட்டிக்கொள்ளலாகாது. பல வாரங்கள் உண்டபின் அதனைத் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து. படிப்படியாகவே குறைக்க வேண்டும்.

பெயரும் உட்பொருளும் குறிக்கப்படாத பொட்டலங்களில் விற்கப்படும் 'வாதப் பொடி'களைப் பற்றியும் இங்கே சொல்லியாக வேண்டும். இரண்டே நாளில் வலி முற்றும் மறைந்தது என்றால் அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கக்கூடும் என்று ஐயுறுங்கள். அத்தகைய ஒன்றை உண்டுவந்திருந்தால் எங்களிடம் மறைக்க வேண்டா. உங்களைக் கடிந்துகொள்வதற்காகக் கேட்கவில்லை. எதை எவ்வாறு குறைப்பது என்று தீர்மானிக்க அது எங்களுக்குத் தெரிந்தாக வேண்டும்.

நோயின் போக்கையே மாற்றும் மருந்துகள் வேறொரு வகை. அவற்றுள் முதலில் வைத்து எண்ணப்படுவது மெத்தோட்ரெக்ஸேட். அமெரிக்க, ஐரோப்பிய மூட்டுவாத மருத்துவச் சங்கங்களின் வழிகாட்டுதல்கள், தடையொன்றும் இல்லாத நோயாளருக்கு இதனையே முதல் மருந்தாகப் பரிந்துரைக்கின்றன.

புற்றுநோய் மருந்து இங்கே எவ்வாறு வந்தது?

இதற்குச் சென்னையோடு ஓர் உறவு உண்டு. ஆந்திரத்தின் பீமாவரத்தில் பிறந்து சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று, 1920களில் அமெரிக்கா சென்றவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். லெடர்லி ஆய்வகத்தில் அவருடைய குழுவினர் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாக உருவாக்கினர். அதனை ஒத்திருந்து அதன் வேலையைத் தடுக்கும் பொருள்களையும் உருவாக்கினர். அவற்றுள் ஒன்றான அமினோப்டெரின், 1948இல் பாஸ்டன் நகரில் சிட்னி ஃபார்பர் என்ற மருத்துவரால் இரத்தப் புற்றுநோயுற்ற குழந்தைகளுக்குக் கொடுக்கப்பட்டுத் தற்காலிகமாகவேனும் நோயைத் தணித்தது. 1951இல் அதே மருந்து முடக்குவாத நோயாளர் சிலருக்கும் கொடுக்கப்பட்டுப் பயன் தந்தது. ஆனால் அது கார்ட்டிசோனின் பொற்காலம். இதனைப் பெரும்பாலோர் திரும்பிப் பார்க்கவில்லை. அமினோப்டெரினின் உடன்பிறப்பே மெத்தோட்ரெக்ஸேட்.

ஆகவே 'இது புற்றுநோய் மருந்தா?' என்ற கேள்விக்கு எங்கள் விடை: ஆம், அந்நோய்க்கும் பயன்படும் மருந்துதான். ஆனால் அளவைப் பாருங்கள். சிலவகைப் புற்றுநோய்களில் ஒரே தடவையில் ஆயிரக்கணக்கான மில்லிகிராம் செலுத்தப்படுகிறது. முடக்குவாதத்திற்கோ வாரத்திற்கு 7.5 முதல் 15 மில்லிகிராமில் தொடங்கி, தேவைக்கேற்ப 20 அல்லது 25 வரை உயர்த்துகிறோம். அந்தச் சிற்றளவில் இம்மருந்து வேலை செய்யும் முறையே வேறு; உயிரணுக்களைக் கொல்வதன்று, அடினோசின் என்னும் பொருளை மிகுவித்து அழற்சியைத் தணிப்பதே அதன் முதன்மைப் பணி. உங்களுக்குப் புற்றுநோய் இருப்பதாக நாங்கள் ஐயுறுவதாலோ, அதனை உங்களிடமிருந்து மறைப்பதாலோ இம்மருந்தைத் தரவில்லை. இவ்வாறு வெளிப்படையாக எழுதக் காரணம், பலர் மனத்தில் அந்த அச்சமே சொல்லப்படாமல் கிடப்பதை நாங்கள் கண்டிருப்பதுதான்.

பயன் தருகிறது என்று எவ்வாறு தெரியும்?

முடக்குவாதம் தானாகவே ஏறியும் இறங்கியும் வரும் நோய். ஒருவர் ஏதோ ஒன்றை உண்டார், வலி குறைந்தது என்பதால் அதுவே காரணம் என்று கொள்ளவியலாது. இக்குழப்பத்தை நீக்கவே நோயாளரைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு மருந்தும் மற்றொன்றுக்கு அதேபோல் தோற்றமளிக்கும் வெற்று மாத்திரையும் கொடுத்து, யாருக்கு எது என்பது மருத்துவருக்கும் தெரியாதபடி சோதிக்கின்றனர்.

1985இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு அவ்வகையினது. வேறு மருந்துகளுக்கு அடங்காத முடக்குவாதமுற்ற 35 பேர் அதில் 24 வாரங்கள் பங்கேற்றனர். பாதிக் காலம் கழிந்ததும் இரு பிரிவினருக்கும் மாத்திரைகள் மாற்றிக் கொடுக்கப்பட்டன. மருந்து உண்டவர்களுக்கு வலியுள்ள மூட்டுகளின் எண்ணிக்கையும் காலை விறைப்பும் தெளிவாகக் குறைந்தன. அவர்களே வெற்று மாத்திரைக்கு மாறியபோது நோய் மீண்டும் தலைதூக்கியது. சிறிய ஆய்வுதான். எனினும் அதற்குப் பின் வந்த பல ஆய்வுகள் அதனை உறுதி செய்தன. 1988இல் அமெரிக்க அரசு முடக்குவாதத்திற்கு இம்மருந்தை ஏற்றது. நிறுத்தினால் நோய் திரும்பும் என்பதை அந்த 35 பேரிடமே காணலாம். 'நன்றாக இருக்கிறது, அதனால் நிறுத்திவிட்டேன்' என்று கூறுவோரை நாங்கள் கவலையோடு நோக்குவது இதனால்தான்.

ஒன்றை மட்டும் முன்கூட்டியே அறிந்திருங்கள். இம்மருந்து உடனே வேலை செய்யாது. ஆறு முதல் பன்னிரண்டு வாரங்கள் ஆகும். மூன்றாம் வாரத்தில் 'ஒரு பயனும் இல்லை' என்று கைவிடுவது, விதைத்த மூன்றாம் நாள் நிலத்தைத் தோண்டிப் பார்ப்பது போன்றது.

வாரம் ஒரு நாள், ஒரே நாள்

இக்கட்டுரையில் ஒரு பத்தியை மட்டும் படிப்பதாயின் இதனைப் படியுங்கள். முடக்குவாதத்திற்கு மெத்தோட்ரெக்ஸேட் வாரத்திற்கு ஒரு நாள் மட்டுமே உண்ண வேண்டும். நாள்தோறும் உண்டால் எலும்பு மச்சை ஒடுங்கி, வெள்ளையணுக்கள் வீழ்ந்து, உயிருக்கே ஆபத்து நேரும்.

இது வெறும் ஏட்டு எச்சரிக்கை அன்று. எழுபதை நெருங்கிய அம்மையார் ஒருவரை ஒருமுறை எங்கள் அவசரப் பிரிவுக்கு அழைத்து வந்தனர். வாய் முழுதும் புண். தண்ணீரும் விழுங்க இயலவில்லை. காய்ச்சலுக்காக வேறோரிடத்தில் காட்டியபோது, பழைய மருந்துகளைப் புதுச் சீட்டில் பெயர்த்தெழுதியவர் இம்மாத்திரைக்கு எதிரே 'தினமும் ஒன்று' என்று எழுதிவிட்டார். மாமியாருக்கு மருந்து எடுத்துக் கொடுப்பவர் மருமகள். சீட்டில் இருந்தவாறே பத்து நாட்கள் தவறாமல் கொடுத்திருக்கிறார். ஃபோலினிக் அமில ஊசியாலும் இரண்டு வார உள்நோயாளர் கவனிப்பாலும் அம்மையார் பிழைத்தார். அந்த மருமகள் எங்களிடம் கேட்டது ஒன்றுதான்: "பெட்டியிலேயே பெரிதாக எழுதியிருக்கக் கூடாதா?" அதற்குப் பின் எங்கள் சீட்டில் 'வாரம் ஒருமுறை' என்பதோடு கிழமையின் பெயரையும் தமிழில் எழுதுகிறோம்.

நீங்களும் வீட்டில் ஒரு கிழமையைத் தீர்மானித்து நாட்காட்டியில் குறித்துவிடுங்கள். செவ்வாய் என்று கொண்டால் செவ்வாய் மட்டுமே. ஃபோலிக் அமில மாத்திரையை வேறொரு கிழமையில், வியாழன் என்று வைத்துக்கொள்ளலாம். வாய்ப்புண், குமட்டல், கல்லீரல் நொதிகள் உயர்தல் ஆகியவற்றை ஃபோலிக் அமிலம் குறைக்கிறது என்பதும், அதனால் மருந்தைப் பாதியில் கைவிடுவோர் தொகை குறைகிறது என்பதும் ஆய்வுகளில் தெரிந்தவை. இரண்டும் சிறிய மஞ்சள் மாத்திரைகளாக இருப்பதும் உண்டு. ஒரே டப்பாவில் கொட்டி வைக்காதீர்கள். வலி மிகுந்த நாளில் 'இன்னும் ஒன்று போட்டுக்கொள்ளலாம்' என்று ஒருபோதும் எண்ணாதீர்கள்; இது வலி மாத்திரை அன்று. குறித்த நாளில் மறந்துவிட்டால் இரண்டு நாட்களுக்குள் உண்ணலாம். அதற்கும் மேல் கடந்துவிட்டால் அந்த வாரத்தை விட்டுவிட்டு அடுத்த வாரம் வழக்கமான அளவையே உண்ணுங்கள், இரட்டிப்பாக்க வேண்டா.

குமட்டல் சிலரை மிகவும் வருத்தும். இரவு உணவுக்குப் பின் உண்டு உறங்கிவிடுவது பலருக்கு உதவுகிறது. அப்படியும் தாங்கவில்லையெனில் இதே மருந்து தோலடி ஊசியாகவும் கிடைக்கிறது. அது குடலைத் தொந்தரவு செய்வது குறைவு, உயர்ந்த அளவுகளில் உடலில் சேர்வதும் மிகுதி. சொல்லாமல் நிறுத்துவதைவிடச் சொல்லி மாற்றிக்கொள்ளலாம்.

இரத்தப் பரிசோதனை வீண்செலவா?

சிலர் அவ்வாறு கருதுகின்றனர். தொடக்கத்தில் இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கு ஒருமுறையும், அளவு நிலைபெற்றபின் இரண்டு மூன்று மாதங்களுக்கு ஒருமுறையும் இரத்த அணுக்கள், கல்லீரல், சிறுநீரகம் ஆகியவற்றைப் பார்க்கிறோம். சிறுநீரகம் நலிந்தால் மருந்து உடலிலேயே தங்கிவிடும்; முதியோருக்கு இது முக்கியம். மது அருந்துவோர் அதனை எங்களிடம் மனம் திறந்து கூற வேண்டும். கல்லீரலுக்கு இரட்டைச் சுமை ஆகலாகாது. புகைபிடித்தல் நோயையும் கடுமையாக்கி மருந்தின் பயனையும் குறைக்கிறது. சிறுநீர்த் தொற்றுக்கும் சளிக்கும் பரவலாகக் கொடுக்கப்படும் கோ-டிரைமாக்ஸசோல் என்னும் நுண்ணுயிர்க்கொல்லியை இம்மருந்தோடு சேர்த்து உண்ணலாகாது. எந்த மருத்துவரிடம் சென்றாலும் 'மெத்தோட்ரெக்ஸேட் உண்கிறேன்' என்று முதலிலேயே கூறிவிடுங்கள். புதிதாக வறட்டு இருமலும் மூச்சுத்திணறலும் தோன்றினால் அடுத்த வாரத்து மாத்திரையை உண்ணாமல் உடனே வாருங்கள். அரிதாக நுரையீரல் அழற்சி ஏற்படக்கூடும்.

இருபத்தெட்டு மூட்டுகள்

ஒவ்வொரு வருகையிலும் நாங்கள் உங்கள் விரல்கள், மணிக்கட்டு, முழங்கை, தோள், முழங்கால் என இருபத்தெட்டு மூட்டுகளை அழுத்திப் பார்த்து எண்ணுகிறோம். 'கையைப் பிடித்துப் பார்ப்பதற்கா இவ்வளவு நேரம் காத்திருந்தேன்?' என்று ஒருவர் சலித்துக்கொண்டார். அந்த எண்ணிக்கையையும், இ.எஸ்.ஆர். அளவையும், நீங்களே உங்கள் நிலைக்கு இடும் மதிப்பெண்ணையும் சேர்த்துக் கணக்கிட்டால் ஓர் எண் கிடைக்கும். அது 2.6க்குக் கீழே இருந்தால் நோய் அடங்கியிருக்கிறது என்று பொருள், 3.2 வரை இலேசான நோய். அதற்கு மேல் இருந்தால், நீங்கள் 'பரவாயில்லை' என்று கூறினாலும் நாங்கள் மருந்தை உயர்த்துவோம்.

இம்முறையின் வலிமையை ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் 110 பேரிடம் நடந்து 2004இல் வெளியான ஆய்வு காட்டியது. ஒரு பிரிவினரை மாதந்தோறும் வரவழைத்து, மூட்டுகளை எண்ணி, இலக்கை எட்டும்வரை மருந்தை மாற்றினர். மறு பிரிவினருக்கு மூன்று மாதத்திற்கு ஒருமுறை வழக்கமான கவனிப்பு. பதினெட்டு மாதங்களின் முடிவில் முதற்பிரிவில் நூற்றுக்கு 65 பேருக்கு நோய் அடங்கியது. மறுபிரிவில் 16 பேருக்கே. விலையுயர்ந்த புது மருந்து எதுவும் அங்கே அந்த வேறுபாட்டைத் தரவில்லை. அடிக்கடி பார்த்ததும், பார்த்ததற்கேற்ப மாற்றியதுமே தந்தன. பேருந்துச் செலவும் ஒருநாள் கூலி இழப்பும் எங்களுக்குத் தெரியாதவை அல்ல. எனினும் முதல் ஆண்டில் அடிக்கடி வரச் சொல்வதற்கு இதுவே காரணம்.

இது மட்டும் போதாதபோது

ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு மெத்தோட்ரெக்ஸேட் மட்டுமே போதுமானதாகிறது. ஏனையோருக்கு இன்னும் சில சேர்க்க வேண்டியுள்ளது. ஹைட்ராக்ஸிகுளோரோகுயின், சல்ஃபாசலஸைன் ஆகிய இரண்டையும் உடன் சேர்ப்பதை மும்மருந்து முறை என்கிறோம். இவற்றுள் முதலாவதை ஆண்டுக்கணக்கில் உண்போர் கண் விழித்திரையைப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். தொடக்கத்தில் ஒருமுறையும், ஐந்து ஆண்டுகளுக்குப் பின் ஆண்டுதோறும். லெஃப்லுனோமைடு என்பது மற்றொரு வாய்ப்பு.

'ஊசி போட்டால் சீக்கிரம் சரியாகுமாமே, கடன் வாங்கியாவது போடலாமா?' என்று கேட்கும் குடும்பங்கள் பல. எட்டனர்செப்ட், இன்ஃப்ளிக்ஸிமாப், அடலிமுமாப் போன்ற உயிரியல் மருந்துகள் 1990களின் இறுதியிலிருந்து வந்தவை. பலருடைய வாழ்வை மீட்டவை. ஆயினும் அவற்றுக்கு முன் மும்மருந்து முறையை முயன்று பார்ப்பது குறைவான மருத்துவம் ஆகாது. மெத்தோட்ரெக்ஸேட்டுக்கு முழுதும் அடங்காத 353 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு மும்மருந்தும் மற்றொன்றுக்கு எட்டனர்செப்ட்டும் மெத்தோட்ரெக்ஸேட்டும் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2013இல் வெளியானது. பயன் தராதவர்களை 24ஆம் வாரத்தில் மறுமுறைக்கு மாற்றினர். 48 வாரங்களின் முடிவில் மும்மருந்தோடு தொடங்கியவர்கள் எவ்வகையிலும் பின்தங்கவில்லை. நிலத்தை அடகு வைப்பதற்கு முன் இந்த ஆய்வைப் பற்றி எங்களிடம் கேளுங்கள்.

மும்மருந்தும் பயன் தராதவர்களுக்கு உயிரியல் மருந்து தேவையே, அப்போது தயங்கலாகாது. ஆனால் நம் நாட்டில் காசநோய்க் கிருமி பலருடைய உடலில் உறங்கிக் கிடக்கிறது. இவ்வூசிகள் அதனை எழுப்பிவிடக்கூடும். ஆகவே மார்பு எக்ஸ்ரேயும் மாண்டூ சோதனையும் இரத்தப் பரிசோதனையும் செய்து, வேண்டுமெனில் காசநோய்த் தடுப்பு மருந்தைத் தொடங்கிய பின்னரே ஊசி. டோஃபாசிட்டினிப் போன்ற மாத்திரைகள் ஊசியின்றியே ஏறத்தாழ அதே பயனைத் தருவன. எனினும் ஐம்பது வயதைக் கடந்து இதயநோய்க்கான இடர்க்காரணி ஏதேனும் உள்ளவர்களிடம் நடந்த பெரிய ஆய்வொன்று, மாரடைப்பு முதலியனவும் புற்றுநோயும் அம்மாத்திரை உண்டவர்களிடம் சற்று மிகுதி என்று 2022இல் காட்டியது. அத்தகையோருக்கு வேறு வழியுண்டா என்று முதலில் பார்க்கிறோம்.

திருமணம், மகப்பேறு

இளம்பெண்களும் அவர்தம் தாய்மாரும் இதனைக் கேட்கத் தயங்குகின்றனர். ஆகையால் நாங்களே கூறுகிறோம். மெத்தோட்ரெக்ஸேட்டும் லெஃப்லுனோமைடும் கருவுக்குத் தீங்கு செய்வன. உண்ணும் காலத்தில் உறுதியான கருத்தடை வேண்டும். குழந்தை வேண்டும் என்று எண்ணும்போது சில மாதங்கள் முன்னதாகவே வந்து கூறுங்கள். மெத்தோட்ரெக்ஸேட்டைக் கருத்தரிக்க முயல்வதற்கு ஒன்று முதல் மூன்று மாதங்கள் முன் நிறுத்திவிட்டு, கருக்காலத்தில் உண்ணத்தக்க ஹைட்ராக்ஸிகுளோரோகுயினுக்கோ சல்ஃபாசலஸைனுக்கோ மாற்றுவோம். லெஃப்லுனோமைடு உடலில் நெடுங்காலம் தங்குவதால் அதனை வெளியேற்ற ஒரு தனி மருந்து கொடுக்கிறோம். முடக்குவாதம் உள்ளவர் தாயாக இயலாது என்பது தவறு. திட்டமிடாமல் தாயாவதே இடர். இதனை மணமகன் வீட்டாரிடம் எப்படிச் சொல்வது என்று தவிக்கும் குடும்பத்தினர், இருவரையும் ஒருசேர அழைத்து வந்தால் நாங்கள் விளக்குகிறோம்.

காய்ச்சல் வந்தால்

காய்ச்சலோ, சீழ்ப்புண்ணோ, நுண்ணுயிர்க்கொல்லி உண்ண வேண்டிய வேறு தொற்றோ ஏற்பட்டால் அந்த வாரத்து மெத்தோட்ரெக்ஸேட்டை நிறுத்தி வைத்து எங்களைத் தொடர்புகொள்ளுங்கள். ஒன்றிரண்டு வாரம் விடுபடுவதால் நோய் பெரிதாகத் திரும்பிவிடாது. ஸ்டீராய்டு உண்பவராயின் அதனை மட்டும் நீங்களாக நிறுத்தாதீர்கள். வாய்ப்புண், தொண்டைப்புண், காரணமின்றித் தோலில் கன்றிய தழும்புகள் ஆகியவை தோன்றினால் மறுநாள் வரை காத்திராமல் அன்றே இரத்த அணுக்களைப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். வரும்போது மருந்துச் சீட்டை மட்டுமன்றி, வீட்டில் உள்ள மாத்திரை அட்டைகள் அனைத்தையும் ஒரு பையில் இட்டுக் கொண்டு வாருங்கள். வேறிடத்தில் வாங்கியவையும், பொடியும் தைலமும் உட்பட.